பிரேக் மாஸ்டரும் பிளாஸ்டிக் கூம்பும்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் பிரேக் மாஸ்டர் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அந்த மாதிரிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எதிரே மாடு வந்தால் அதை மிதிப்பார். மாடு போன பிறகும் மிதிப்பார். வீட்டில் டிவி பார்க்கும்போது அதில் யாராவது வேகமாகப் போனால்கூட அவருடைய வலது கால் தரையை அழுத்தும். அக்கா தட்டில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தாலும் அழுத்தும்.

நானும் அவரிடம் ஓட்டக் கற்றவள்தான். ஒரு நாள் நான் கியர் மாற்றியதைப் பார்த்துவிட்டு, "நீயெல்லாம் கணக்கு டீச்சராம்மா? ஒண்ணுக்கு அடுத்தது ரெண்டுன்னுகூடத் தெரியலையே" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். காரை அதே இடத்தில் நிறுத்தி, சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன் என்பதால் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. அத்தான் என்று கூப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவேன்.

அக்காவுக்கு இரண்டு பெண்கள். பெரியவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, வேறு ஊரில் இருக்கிறாள். சின்னவள் நாய். இது என் கேலி இல்லை, அக்கா அப்படித்தான் கூப்பிடுவாள். "சின்னவளுக்கு வயித்துல கட்டி, ஆபரேஷன்" என்று அவள் போனில் அழுததைக் கேட்டு, பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்த சொந்தக்காரர்களும் உண்டு. வயதான நாய், முகமெல்லாம் நரைத்துவிட்டது. அத்தானுக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. அவருடைய நாற்காலியில் ஏறிப் படுத்திருக்கும். அவர் வந்து முன்னால் நின்றால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்ளும். ஊரையே அதட்டுகிற மனிதர் சத்தம் போடாமல் போய் முக்காலியில் உட்காருவார்.

கட்டியை எடுத்து வயிற்றில் நீளமாகத் தையல் போட்டு, கழுத்தில் பெரிய பிளாஸ்டிக் கூம்பு ஒன்றை மாட்டி அனுப்பினார் டாக்டரம்மா. வாய் தையலுக்கு எட்டக் கூடாது என்பதற்காகத்தான் கூம்பு. சின்னவள் வீட்டுக்கு வந்த மறுநாளே மாப்பிள்ளையிடமிருந்து போன். பெரியவளுக்குக் குறித்த நாளுக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. எடை போதவில்லையாம், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களாம். மாப்பிள்ளைக்கோ லீவு கிடைக்கவில்லை.

அக்கா ஒரு கையில் பையும் மறு கையில் நாயுமாக நின்றாள். "நீங்க தொட்டியில மீன் வளர்த்த லட்சணம் எனக்குத் தெரியும். அதனால ஒண்ணே ஒண்ணுதான் சொல்றேன். தையல்ல அவ நாக்கு படக் கூடாது. பட்டுச்சுன்னு தெரிஞ்சா அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுவேன். அங்க பெரியவ கதி என்ன ஆகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க."

"நீ போ. எல்லாம் என் கன்ட்ரோல்ல இருக்கு" என்றார் அத்தான். அவர் இப்படிச் சொன்னபோதெல்லாம் ஏதோ ஒன்று உடைந்திருக்கிறது.

சின்னவளுக்குத் தன் அகலம் தெரியவில்லை. கூம்பு கதவு நிலையில் இடிக்கும். பின்னால் வந்து மறுபடி அதே இடத்தில் இடிக்கும். சாப்பாட்டுக் கிண்ணத்தை நோக்கிக் குனிந்தால் கூம்பின் விளிம்பு கிண்ணத்தைத் தள்ளும். கிண்ணம் முன்னால் போக, இது பின்னால் போக, இரண்டும் கூடம் முழுக்க ஊர்வலம் போய்க் கடைசியில் சுவரில் முட்டி நிற்கும். அத்தான் நின்றுகொண்டு காப்பி ஆற்றும்போது பின்னால் வந்து முழங்கால் மடிப்பில் ஓர் இடி. காப்பி சட்டையில்.

"வண்டி அகலம் தெரியாம ஓட்டுறவங்க எல்லாரும் இப்படித்தான்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்துதான் வினை ஆரம்பித்தது. எதைப் பார்த்தாலும் வண்டியாகவும் ரோடாகவும் பார்க்கிற மூளை அது. இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்து நிலையை அளந்தார், கூம்பை அளந்தார், சமையலறைக்குப் போகிற சந்தை அளந்தார். "ரோடை அகலப்படுத்த முடியாது. வண்டியைத்தான் குறைக்கணும்" என்றார். கத்தரிக்கோலை எடுத்துக் கூம்பைச் சுற்றிலும் கையகலம் வெட்டினார். விளிம்பு குத்தாமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். காரில் ஒட்டி மீந்த சிவப்பு ஸ்டிக்கரைப் பின்பக்கம் ஒட்டினார். டேப்பின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார் என்று கேட்காதீர்கள். கணக்கு டீச்சர்தான்.

சின்னவள் எதிலும் படாமல் சந்துக்குள் போய்ச் சமையலறையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தது. கிண்ணத்தில் இருந்ததை நக்கித் துடைத்தது. "பார்த்தியா?" என்றார் அத்தான். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் அக்கா வீடியோவில் வந்தபோது, "பரவாயில்லையே, இடிக்காம நடக்கிறாளே" என்று மகிழ்ந்துபோனாள். வெட்டினதை மட்டும் அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் பேப்பர் எடுக்கக் கீழே வந்தேன். அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னாலிருந்து சளக் சளக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் சின்னவள் சுருண்டு படுத்து, வாலை ஆட்டிக்கொண்டு, சாவகாசமாகத் தையலை நக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு தையல் போயே போய்விட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான். நான் போட்ட கத்தலில் அத்தான் துண்டோடு ஓடி வந்தார். பார்த்தார். அவருடைய வலது கால் தரையை அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார், கூம்பைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார். "யாருங்க இதை வெட்டினது?"

"கதவுல இடிச்சுது, டாக்டர்."

"இது கதவுக்காகப் போட்டது இல்லீங்க. நாக்குக்காகப் போட்டது."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. உள் தையல் நிற்கிறது, அதனால் பிழைத்தோம் என்றார் டாக்டரம்மா. மரத்துப்போக ஊசி போட்டு மேலே மட்டும் தைத்தார். "இன்னொரு தடவை பிரிச்சா முழு மயக்கம் கொடுத்துத்தான் தைக்கணும். இந்த வயசுல இவ இதயம் அதைத் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்." முன்னதைவிடப் பெரிய கூம்பு ஒன்றை மாட்டி அனுப்பினார். டிஷ் ஆன்டெனாவுக்குக் கால் முளைத்தது போல இருந்தது.

வரும் வழியில் நான் சொன்னேன்: "அத்தான், அக்காகிட்ட மூச்சு விடாதீங்க. கிளம்பி வந்துடுவா."

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் செய்த முதல் வேலை அக்காவைக் கூப்பிட்டதுதான். "தையல் ரெண்டு பிரிஞ்சுபோச்சு. மறுபடி தைச்சாச்சு. கூம்பை வெட்டினது நான். தப்பு என்னுது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கார் சுவரில் மோதினால் சுவர் கட்டியவனைத் திட்டுகிற மனிதர் அவர். அக்கா, "குழந்தை இன்னும் பெட்டியிலதான் இருக்கு. பெரியவ அழுதுட்டே இருக்கா. நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். சின்னவ சரியாச் சாப்பிடலைன்னா கிளம்பிடுவேன். பையை எடுத்து வெளிய வச்சிருக்கேன்" என்றாள்.

சின்னவளோ சாப்பிடவில்லை. புதுக் கூம்போடு இரண்டு தரம் இடித்துப் பார்த்துவிட்டு, வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி சுவரைப் பார்த்து நின்றுவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அத்தான் முக்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் ஸ்குரூ டிரைவரைக் கொண்டுவந்தார்.

"மறுபடியும் என்னத்தை வெட்டப் போறீங்க?" என்று வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"வண்டியைக் குறைச்சது தப்பு. ரோடைத்தான் அகலப்படுத்தணும்."

படுக்கையறைக் கதவு கழன்றது. சமையலறைக் கதவு கழன்றது. சந்தில் இருந்த ஷெல்ஃப் முற்றத்துக்குப் போனது. சோபா, சாப்பாட்டு மேஜை, தையல் மிஷின் எல்லாம் பின்னாலேயே போயின. பீரோவை நகர்த்த அவரிடம் ஓட்டக் கற்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டார். பாவம், ரிவர்ஸ் கற்க வந்தவர்கள், பீரோவை ரிவர்ஸில் எடுத்தார்கள். குளியலறைக் கதவையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். "நான் குளிக்கிற நேரம் பார்த்துத்தானே நக்கினா? இனிமே நான் எங்க இருந்தாலும் அவ என் கண்ணுல படணும்" என்று அதையும் கழற்றி ஒரு போர்வையைத் தொங்கவிட்டார். அன்றிலிருந்து நான் படியிறங்கும்போதே இருமிக்கொண்டு இறங்குவேன்.

வீடு கல்யாண மண்டபம் போல வெட்டவெளியான பிறகு, அத்தான் சின்னவளுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டார். "வா. மெதுவா. அவசரமே இல்ல. லெஃப்ட்ல எடு... இன்னும் கொஞ்சம்... அவ்வளவுதான். இடிச்சா என்ன, இடிக்கட்டும். எல்லாரும் இடிச்சுத்தான் கத்துக்கிட்டோம்." அந்தக் குரல் அவருக்குள் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. எனக்கு ஒரே ஒரு நாள் அந்தக் குரலில் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் லாரியே ஓட்டிக்கொண்டிருப்பேன். பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

சின்னவள் ஓரடி எடுத்து வைத்தது. பின் இன்னோரடி. அவர் முழங்காலாலேயே பின்னால் நகர்ந்து நகர்ந்து அதைக் கூடம் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு குப்புறப் படுத்து, கையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, கையோடு தலையையும் கூம்புக்குள் விட்டார். உள்ளே என்ன பேசிக்கொண்டார்களோ. கொஞ்ச நேரத்தில் மெல்லுகிற சத்தம் கேட்டது. அவர் தலையை வெளியே எடுத்தபோது மூக்குக் கண்ணாடியெல்லாம் எச்சில். "சாப்பிட்டுட்டா" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார்.

மறுநாள் காலை வீடியோவில் வந்த அக்கா, "பின்னாடி இருந்த பீரோ எங்க?" என்றாள்.

"முற்றத்துல."

"சோபா?"

"அதுவும் அங்கதான்."

"வீடாவது இருக்கா, இல்ல வித்துட்டீங்களா?"

அத்தான் போனைத் தாழ்த்திச் சின்னவளைக் காட்டினார். அது கூம்பை நிமிர்த்திக்கொண்டு, கதவில்லாத மூன்று வாசலையும் தாண்டி, அவரிடம் வந்து உட்கார்ந்து அவர் கையிலிருந்து சாப்பிட்டது. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பையை உள்ளே எடுத்து வைத்தாளா என்று அவள் சொல்லவில்லை, ஆனால் அன்றைய பஸ்ஸில் அவள் வரவில்லை. மறுநாள் பஸ்ஸிலும் வரவில்லை. இதற்குள் குழந்தை பெட்டியை விட்டு வெளியே வந்து பெரியவள் மடிக்கு வந்துவிட்டது.

தையல் எடுக்கப் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறியிருக்கு. இனிமே இது வேண்டாம்" என்று கூம்பைக் கழற்றினார். அத்தான் கையில் இருந்த சின்னவள் தலையை உதறியது. அதற்குப் பிறகு நக்கியது தையல் இருந்த இடத்தை இல்லை, அத்தானுடைய காதை. அவர் டாக்டரம்மா முன்னால் விறைப்பாகவே நின்றார்.

வீடு வந்ததும் போனை ஸ்பீக்கரில் போட்டார். குரலில் ஒரு மிதப்பு. "தையல் எடுத்தாச்சு. ஒரு குறையும் இல்ல. கதவு மாட்ட ஆள் வரச் சொல்லிட்டேன். நீ கிளம்பி வரலாம்."

"அப்படியா! அப்பாடா, இப்பத்தான் உயிரே வந்துச்சு" என்றாள் அக்கா. "அப்ப நான் குழந்தை நல்லாத் தேறுற வரைக்கும் இங்கயே இருந்துட்டு வரேன். ரெண்டு மூணு மாசம் ஆகும். சின்னவளைப் பத்தி எனக்கு இனிமே என்ன கவலை? அதான் நீங்க இருக்கீங்களே." குழந்தை அழுகிற சத்தம் கேட்டது, போனை வைத்துவிட்டாள்.

அத்தான் காலி வீட்டின் நடுவில் போனைப் பிடித்தபடி நின்றார். "ரெண்டு மூணு மாசமா?" என்று என்னைக் கேட்டார். "ஒழுங்காப் பாத்துக்கிட்டதுக்கு இதுதான் பலனா?"

"அத்தான், அவ கடைசியா என்ன சொன்னான்னு கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"ஒழுங்காக் கேட்டீங்களா?"

"கேட்டேம்மா." கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். "இருந்தாலும், நீ ஒரு தடவை சொல்லு."