அட்டைச் சுவரில் வட்டங்கள்

கடலூரில் எங்கள் வீட்டு மாடியில் அந்தச் சுவர் எழும்பியபோது நான் நான்காம் வகுப்பு. எழும்பியது என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை. இரும்புச் சட்டத்தில் ஜிப்சம் போர்டு அட்டைகளைத் திருகி, ஒரே நாளில் மாடி ஹாலை இரண்டாக்கிவிட்டார் மாமா. அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான், டொக்கு டொக்குங்குது. ஒரு புயலடிச்சா சிதம்பரம் வரைக்கும் பறந்துடும் போலருக்கே?"

"பறந்தா பறக்கட்டும் மாமா. அங்க நம்ம மாமனார் வீடுதான இருக்கு" என்றார் மாமா.

மாமா, அம்மாவின் தம்பி. தோஹாவில் இதே சுவர் வேலைதான் அவருக்கு. இரண்டு மாத லீவில் வந்து, பெண் பார்த்து, கல்யாணம் முடித்து, விருந்தெல்லாம் தின்று தீர்த்தபோது லீவில் பன்னிரண்டு நாள் மிச்சமிருந்தது. போனால் அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் ஆகும். அதுவரை புதுப்பெண்ணான அத்தை எங்களோடு இருக்கட்டும், அவருக்கென்று ஓர் அறை வேண்டும் என்று முடிவானது. அந்த அறைக்குத்தான் சுவர். பெயிண்டில் முதல் பிரஷ் நான்தான் வைப்பேன் என்று மாமாவிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

ஆனால் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே விடமாட்டேன் என்றார் மாமா. போர்டும் போர்டும் சேரும் இடத்தில் டேப் ஒட்டி, பட்டி என்கிற வெள்ளைப் பசையைப் பூசி, காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்த துணியால் தூசு துடைக்க வேண்டும். ஈரத்துணி கூடாது. ஏன் கூடாது என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாவம் பிறகு என் தலையில்தான் விடிந்தது.

எனக்கு ஒரு வேலை கொடுத்தார். சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். பகலில் வழவழவென்று நல்ல பிள்ளையாக நின்ற சுவர், அந்த வெளிச்சத்தில் தன் மேடு பள்ளமெல்லாம் காட்டிவிடும். எங்கே பள்ளமோ அங்கே நான் பென்சிலால் வட்டம் போடுவேன். மறுநாள் மாமா அதில் பட்டி பூசித் தேய்ப்பார். முதல் நாள் முப்பது வட்டம், அடுத்த நாள் பன்னிரண்டு, மூன்றாம் நாள் நான்கு. அதோடு முடிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் காலை பார்த்தால், நான் போடாத வட்டங்கள் ஆறு. என் வட்டத்தைவிட அழகான வட்டங்கள். கன்னங்கரேல் என்று இருந்தன, தொட்டால் விரலில் ஒட்டின. டார்ச்சைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு குழியும் இல்லை. "இங்க பள்ளமே இல்ல மாமா" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். காப்பி கொண்டுவந்த அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உன் கண்ணுக்குத் தெரியாது பாப்பா" என்று சொல்லிவிட்டு, மாமா ஆறு இடத்தையும் சுரண்டி, சிரத்தையாகப் பட்டி பூசினார். காய ஒரு நாள். அதற்கடுத்து மேலும் ஐந்து வட்டம். மறுபடி ஒரு நாள். என் மாமாவுக்கு வேலை தெரியவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

புதன்கிழமை அம்மா அப்பாவிடம் புலம்பியது காதில் விழுந்தது. சனிக்கிழமை ஃப்ளைட், சுவர் முடியாமல் கிளம்ப மாட்டேன் என்கிறான், போகாவிட்டால் வேலை போய்விடும் என்றார்.

மறுநாள் மாமாவும் அத்தையும் சொல்லிக்கொண்டு வர சிதம்பரம் போயிருந்தார்கள். அன்று காலையும் ஏழு கரும் வட்டங்கள். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஒரு வாளித் தண்ணீர், சோப்பு, தேங்காய் நார். தேய், தேய் என்று தேய்த்தேன். கருப்பு இழுகியதே தவிரப் போகவில்லை. பட்டி கரைந்து தயிராக வழிந்தது. போர்டின் மேல்தாள் ஊறி உரிந்துகொண்டு வந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்பார்கள். குரங்குக்காவது ஓர் உருவம் உண்டு.

சாயங்காலம் வந்த மாமா, உரிந்த தாளை விரலால் தூக்கிப் பார்த்தார். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். ஏன்டி இப்படிச் செய்தாய் என்றார்.

"வட்டமெல்லாம் அழிச்சிட்டா மாமா சனிக்கெழம போயிடலாம்ல" என்று அழுதேன்.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை தரையைப் பார்த்தார். பிறகு மாமா, செத்த வீட்டுக்குப் போனவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அப்பாவிடம், "ரெண்டு போர்ட மாத்தணும் மாமா. சேதாரம் ஜாஸ்தி. பத்து நாளாவது ஆவும்" என்றார். அப்போதே தோஹாவுக்குப் போன் போட்டு, வீட்டில் சுவர் போய்விட்டது என்று சொன்னார். அங்கிருந்த மேனேஜர் செங்கல் சுவரை நினைத்திருப்பார் போல. யாருக்கும் அடிபடவில்லையே என்று விசாரித்து, பத்து நாள் கொடுத்துவிட்டார்.

அன்று வீட்டில் எல்லாரும் ஒரு முறையாவது என்னைத் திட்டினார்கள். யாருடைய அறையை நான் பாழாக்கினேனோ, அந்த அத்தை மட்டும் திட்டவில்லை. என்னை மடியில் இழுத்து உட்காரவைத்து, முகம் துடைத்து, சிதம்பரத்திலிருந்து கொண்டுவந்த கத்திரிக்காய் கொத்சுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி இட்லி ஊட்டினார். அழுத கண்ணுக்கு மை போட்டுவிடுகிறேன் என்று டிரங்குப் பெட்டியிலிருந்து கண்மைப் பென்சிலை எடுத்தார்.

கண்ணாடியில் என் கண்கள் எனக்கே பிடித்திருந்தன. அதனால் வேறெதையும் யோசிக்கவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய புதுப் பென்சில் ஒரே மாதத்தில் ஏன் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்திருந்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.