செல்லத்தங்கம் அக்காவின் ஞாயிற்றுப் பட்டினி

செல்லத்தங்கம் அக்காவின் பிடிவாதத்துக்கு முன்னால் கழுதையும் தோற்கும். அதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னவள் நான் ஒருத்திதான். கல்முனைக்குடியில் தையல் மெஷினோடு கிடக்கிற எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பாண்டிருப்பில் மீன்பிடிக்கிற அமிர்தலிங்கம் அண்ணனை விரும்பி, கத்தோலிக்க வீட்டைவிட்டு வந்தவர் அவர். சைவக்காரனைக் கட்டியதற்காகத் தாய் தகப்பன் தலைமுழுகினார்கள். அவரும் இருபத்திரண்டு வருசம் தேவாலயப் பக்கம் போகவில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை பறந்து, இருவரும் உயிர் தப்பிய மறு கிழமை, "காப்பாத்தினவர்ட்ட நான் போகத்தான் வேணும்" என்று புறப்பட்டுவிட்டார். தேவாலயத்துச் சுவாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்டு, கலியாணத்தையும் ஆசீர்வதித்தார். அண்ணன் தடுக்கவில்லை. ஞாயிறுதோறும் சைக்கிளில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டார்.

பூசைக்குப் போடும் முக்காட்டு வெள்ளைத் துணியை என்னிடம்தான் தைப்பித்தார். மற்றப் பெண்கள் முக்காட்டை விட்டு எவ்வளவோ காலம். பட்டினியும் அப்படித்தான். நற்கருணை வாங்கும் நாளில் நடுச்சாமத்திலிருந்து ஒன்றும் வாயில் படக்கூடாது என்று சின்ன வயதில் படித்ததை அப்படியே பிடித்துக்கொண்டார். பூசை முடிந்து வரும்வரை அடுப்பு மூட்டமாட்டார். அண்ணனும் சாப்பிடமாட்டார். "அவ பட்டினி கிடக்க எனக்கு மட்டும் எப்பிடி இறங்கும்?" என்பார். "சைவக்காரருக்கும் நோன்பு வந்திட்டுதோ?" என்று நான் சிரிப்பேன்.

பிறகு அண்ணனுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு வந்தது. எங்கள் இஸ்லாம் மார்க்கத்தில் நோயாளிக்கு நோன்பில் விலக்கு உண்டு. அந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கலாம். கேலி மட்டும்தான் வாயில் வந்தது. இந்த வாயை வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம்!

எண்பத்து நாலாம் ஆண்டு குருத்தோலை ஞாயிறு. பவனி, நீண்ட வாசகம், பூசை முடியப் பத்து மணி தாண்டிவிட்டது. அண்ணன் காலையிலேயே சீனி வருத்தக் குளிசையை விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு காத்திருந்திருக்கிறார். அக்கா குருத்தோலையோடு வந்து பார்த்தபோது சீனி இறங்கிக் குசினி வாசலில் மயங்கி விழுந்து கிடந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த சுவாமியாரிடம் அக்காவே பட்டினிக் கதையைச் சொன்னார். அவர் திகைத்துப்போனார்.

"நற்கருணைக்கு முன்னால ஒரு மணித்தியாலப் பட்டினி காணும், அதுவே போதும் அம்மா. சட்டம் மாறி இருபது வருசமாச்சு. உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையா?"

ஒருவரும் சொல்லவில்லை. அக்காவும் கேட்டதில்லை. அக்கா அழவில்லை. நான்தான் தாங்கமாட்டாமல் அழுதேன்.

இப்போதும் ஞாயிறு தவறாமல் போகிறார், தனியே நடந்து. போன கிழமை பூசைக்குப் போகும் வழியில் தலைசுற்றி ரோட்டோரம் குந்திவிட்டார் என்று கேள்விப்பட்டு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு ஓடினேன். கையால் தள்ளிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "இன்னும் என்னத்துக்கு அக்கா இந்தப் பட்டினி? ஒரு மணித்தியாலம் காணுமெண்டு சுவாமியாரே சொல்லிட்டாரே!"

முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

"ஒரு மணித்தியாலம் காணுமெண்டா, அந்த மனிசன் என்னத்துக்குப் பட்டினி கிடந்து செத்தது?"