கடல் ஏறும் சாயங்காலம்

அந்தக் கடலோரக் குடியிருப்பில் பம்ப் அக்காவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறவர்கள்தான் கொஞ்சம் குறைவு. ஊர்க் கழிவெல்லாம் வந்து சேரும் தொட்டிக்குக் காவல் இருப்பவளிடம் நின்று பேச யாருடைய மூக்கு இடம் கொடுக்கும்? ஆனால் வீட்டுக் குழாய் அடைத்துக்கொண்டால் போதும், "அக்கா, அக்கா" என்று வாசலில் வந்து உருகுவார்கள். அவளும் லேசில் விடமாட்டாள். "எண்ணெயையும் முடியையும் சேத்து உள்ள தள்ளிட்டு, என்கிட்ட வந்து கண்ணக் கசக்கினா எப்படி?" என்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கம்பியைக் கையில் எடுப்பாள்.

தெருக்குழாய்கள் எல்லாம் கரையோரத்துத் தொட்டியில் போய் முடியும். தொட்டியின் வாயில் ஒரு கம்பிச் சல்லடை. அதில் சிக்கும் துணி, முடி, சோப்பு உறை, யார் வீட்டுப் பொம்மைக் கையோ காலோ, எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டு மோட்டாரைப் போட வேண்டும். மோட்டார் கழிவை இழுத்துக் கடலில் கொட்டும். மழையில் தொட்டி நிரம்பினால் வழிந்து ஓட இன்னொரு தடித்த குழாய் உண்டு. அதுவும் கடலுக்குத்தான். அந்தக் குழாய்க்கு மூடி கிடையாது. அமாவாசை, பௌர்ணமியில் கடல் பொங்கும்போது தண்ணீர் அதன் வழியே திரும்பி ஏறி, தொட்டியை நிறைத்து, தெருக்குழாய்க்குள்ளும் நுழையும். தெருவிலேயே பள்ளமான கடைசி வீடு பம்ப் அக்காவுடையது. அவள் குளியலறைத் தரைத்துளை வரை கடல் வரும்.

வரும்போது அது சும்மா வராது. முதலில் காற்று ஒரு பெருமூச்சு விடும். பிறகு, களுக், களுக் என்று இரண்டு முறை. பிறகு ஓர் இடைவெளி. அதற்கப்புறம் சளசளவென்று விடாமல். அந்தக் கரையில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறுவது விளக்கு வைக்கும் நேரத்தில். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து குளிக்கிற நேரமும் அதுதான். இரண்டு மக் தண்ணீரை அவசரமாக ஊற்றிக்கொள்வாள், சோப்புப் போட நிறுத்துவாள், அப்புறம் வாளி காலியாகும் வரை ஊற்றித் தீர்ப்பாள்.

மகள் போய்ச் சேர்ந்தது பத்தாம் வகுப்புப் படிக்கும்போது. வயிற்றுப்போக்கில் தொடங்கி ஒரே வாரத்தில் முடிந்துவிட்டது. கரையோரக் கிணற்றில் கழிவு கலந்திருக்கிறது என்றார் டாக்டர். கிணற்றை மூடினார்கள். கழிவு மட்டும் பழையபடி கடலுக்குப் போனது. அதைத் தினமும் மோட்டார் போட்டுத் தள்ளியது அவள் கைதான். பெற்ற வயிறு அதை மறக்குமா?

சத்தம் எதனால் வருகிறது என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்து என்ன பயன்? அந்தச் சாயங்காலங்களில் வாளியை நிரப்பி வைப்பாள். கதவை ஒருக்களித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து கேட்பாள். சில நாள் குளியலறைக் கதவில் துவைத்த துண்டு ஒன்று தொங்கும். தான்தான் மறதியில் மாட்டியிருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். ஆனால் அதை எடுத்து மடிக்க மாட்டாள்.

கணவரிடம் இதைச் சொன்னதில்லை. அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின். ஆயுசெல்லாம் அந்தக் கடகடப்பைக் கேட்டுக் காது மந்தம் என்று பேர் வாங்கியவர். பாவாடைக்கு அளவு சொன்னால் தலையணை உறை தைத்துவிடுவார் என்று ஊரே கேலி செய்யும். விளக்கு வைக்கும் நேரத்தில் மெஷினை நிறுத்திவிடுவார். கேட்டால், "வெளிச்சம் பத்தலை, ஊசி கோக்க முடியலை" என்பார். அவருடைய தம்பி தன் ஊருக்கே வந்துவிடும்படி எத்தனையோ முறை அழைத்தான். அவரும் அசையவில்லை, அவளும் அசையவில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இப்படி இருக்கையில்தான் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கழிவை இனி சுத்தம் செய்துதான் விட வேண்டும் என்று உத்தரவாம். பொறியாளர், ஒரு சின்ன வயதுப் பெண், கரும்பலகையில் படம் போட்டு விளக்கினாள். வீட்டுக்கு வீடு தொட்டி கட்டலாம். ஆனால் இங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், கழிவெல்லாம் மணலில் ஊறிவிடும். நகரத்தில் இருப்பதுபோல் பெரிய இயந்திரம் வைக்கலாம். கரண்டு போனால் அதற்கும் உயிர் போகும், பழுது பார்க்க இந்த ஊருக்குக் கட்டாது. மூன்றாவதாக, மேட்டில் ஒரு தெளியவைக்கும் தொட்டியும், பக்கத்தில் சரளைக்கல் பரப்பிய கோரைப் பாத்தியும்.

எதிர்வீட்டு மீன்வண்டிக்காரர் எழுந்தார். "அதாவது, நாம போறதப் புல்லு தின்னுடும்கிறீங்க?"

சிரிப்பில் கூடமே அதிர்ந்தது.

"புல்லு தின்னாதுண்ணே, வேர்ல இருக்கிற கிருமி தின்னும்" என்றாள் பொறியாளர். "ஆனா உப்புத்தண்ணி பட்டா கிருமியும் சாகும், கோரையும் கருகிடும். அதனால அந்தப் பழைய குழாய் வாயில ஒருவழி மூடி போடணும். உள்ளேருந்து தண்ணி வந்தா திறக்கும். கடல் தள்ளினா சாத்திக்கும்."

எல்லோரும் கோரைப் பாத்திக்குக் கை தூக்கினார்கள். மூடியை யார் மாட்டுவது என்றதும் அத்தனை தலையும் பம்ப் அக்கா பக்கம் திரும்பியது. கடல் ஏறாவிட்டால் குளியலறையில் அந்தச் சத்தமும் வராதே என்று அவளுக்கு உறைத்தது.

பாத்தி தயாரானது, கோரை நட்டார்கள், கழிவை மேட்டுக்கு ஏற்றினார்கள். மூடி மட்டும் பம்ப் அறை மூலையில் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. போல்ட்டு பத்தவில்லை என்றாள். முதுகு பிடித்திருக்கிறது என்றாள். போனில் கேட்ட பொறியாளருக்கு நன்றாகத் தண்ணி காட்டினாள். ஓர் அமாவாசை வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து மகள் குளிப்பதைக் கேட்டாள்.

அடுத்த வாரமே கோரை நுனி கருகியது. பொறியாளர் நேரில் வந்து பார்த்துவிட்டு, "உப்பு ஏறிடுச்சுக்கா. மூடி மாட்டுற வரைக்கும் பழையபடி கடல்லயே விடுங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனாள். பம்ப் அக்கா வால்வைத் திருப்பினாள். கழிவு மறுபடி கடலுக்குப் போனது. பிள்ளைகள் எப்போதும்போல் அந்த அலையில்தான் விளையாடின.

மீன்வண்டிக்காரரின் மகளுக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருநாள் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். அவள் திரும்பி வரும்வரை பம்ப் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, பிள்ளை பிழைத்து வந்தது. வாசலில் நின்று, பிளாஸ்திரி ஒட்டிய கையை நீட்டியது.

"பெரியம்மா, இங்கதான் ஊசி போட்டாங்க. நான் அழவே இல்லை."

பம்ப் அக்கா அந்தக் கையைப் பிடித்தவள் வெகுநேரம் விடவில்லை.

பௌர்ணமி அன்று காலை, கடல் உள்வாங்கியிருந்த நேரம், பெட்டியைச் சுமந்துகொண்டு குழாய் வாய்க்குப் போனாள். ஒட்டியிருந்த சிப்பிகளைச் சுரண்டினாள். மாட்டுவதற்கு முன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குழாய்க்குள் தலையை நீட்டி, "குட்டி" என்று மகளைக் கூப்பிட்டாள். அவள் குரல்தான் திரும்பி வந்தது. "கோவிச்சுக்காதடி" என்றாள். ஸ்பானரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினாள். கண்ணீரில் துளை தெரியாமல் விரலால் தடவித் தடவி முறுக்கினாள்.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் வாளியை நிரப்பிவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். முன்னறையில் மெஷின் நின்றது. வெளியே கடல் இரைந்தது. குளியலறையில் சத்தமே இல்லை. தன் வீடு இத்தனை அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை.

தையல்காரர் உள்ளே வந்தார். அவர் தோளில் துவைத்து மடித்த துண்டு. அதைக் குளியலறைக் கதவில் மாட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அடுப்படியில் அவள் இருப்பதைக் கவனித்தாரோ என்னவோ.

"இன்னைக்குப் பௌர்ணமிதானே?" என்றார். "ஏன் இன்னும் குளிக்கக் காணோம் இவள?"

பம்ப் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏங்க, உங்களுக்கும் கேக்குமா?"

"கேக்காம?" என்றார். "உனக்குத் தெரிஞ்சா இந்த வீட்டுல இருக்க மாட்டேன்னு சொல்லிடுவியோன்னுதான் வாயத் தொறக்கலை."

அவள் கைகளை நீட்டினாள். எத்தனை தேய்த்தும் போகாத துரு.

"நான்தாங்க அடைச்சேன். கோரை கருகுச்சு, எதிர்வீட்டுக் குழந்தை படுத்துச்சு. காலையில போய் நானே மூடிட்டேன். இனிமே வரமாட்டா."

அவர் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போனார். வாளியில் மக் இடிக்கும் சத்தம் கேட்டது. களுக், களுக் என்று அவசரமாக இரண்டு மக் தரையில் ஊற்றினார். பிறகு நிறுத்தினார்.

அவள் எழுந்துபோய்க் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தாள். சோப்புப் போடும் நேரம் முடியும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.