செல்வி அளந்த நானூறு

போன வாரம் கல்மண்டபத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் காத்திருந்தேன். ஈயம் பற்றவைக்கிற புகை மூக்கில் ஏறியதும் செல்வி ஞாபகம் வந்துவிட்டது. சிலருக்கு மல்லிகை வாசம், எனக்கு இது. என்ன செய்ய.

அப்போது எங்கள் சின்னக் கம்பெனி தண்டையார்பேட்டையில், வெங்காயக் குடோனுக்கு மேல்மாடியில் இருந்தது. விசைப்படகுக்கான கருவி ஒன்று செய்தோம். படகு எங்கே நிற்கிறது என்று கரைக்குச் சொல்லும், ஆபத்தென்றால் ஒரு பட்டனை அமுக்கலாம். உள்ளே இருக்கும் போர்டு நான் வடிவமைத்தது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. போர்டுகளைச் சோதிப்பவள் செல்வி, காசிமேட்டுப் பெண். மீன்பிடித் தடைக்காலம் முடிந்ததும் முதல் கருவி அவள் அண்ணன் படகில்தான் போவதாக இருந்தது.

அதற்கு ஒரு வாரம்தான் பாக்கி. போர்டு அறைக்குள் சமர்த்தாக ஓடும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் அப்படியே உறைந்துவிடும். மெமரி அளவுக்கு மீறி வேகமாக ஓடுகிறதோ என்று எனக்கும் சந்தேகம் வந்தது. அதன் எல்லை நானூறு மெகாஹெர்ட்ஸ். திரையைப் பார்த்தேன், சரியாக நானூறு என்றது. அவ்வளவு வேகத்தை நேராக அளக்கிற ஆசிலாஸ்கோப் எங்களிடம் இல்லை.

“மெமரி கரெக்டா இருக்கு. ஒரு ஃபேன் வெச்சிடலாம்” என்றேன்.

“அந்த நம்பர போட்ற புரோகிராம எழுதனது யாரு? நீதான சார். அத்தயே சாட்சிக்கு இட்டாந்துகினு கீற” என்றாள் செல்வி. “நேத்து போர்டுல கரெக்டா டைம் வெச்சேன். இன்னிக்கு உன் போர்டு ஒரு மணி நேரம் முன்னாடி கீது.”

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் போர்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். டீ ஆறிப்போனது. அவள் கடிகாரத்தில் இருபத்து நாலு நிமிடம் ஆனபோது போர்டில் இருபத்தைந்து ஆகியிருந்தது. பிறகு லென்ஸை எடுத்து, போர்டு மொத்தத்துக்கும் தாளம் போட்டுக் கொடுக்கிற கிரிஸ்டலைப் பார்த்தாள். அதன் தலையில் இருபத்தைந்து என்று பொறித்திருந்தது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்து நாலு மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் கடையில் இல்லையென்று இருபத்தைந்தை வாங்கி வந்தவன் நான்தான். ஒன்று கூட இருந்தால் லாபம்தானே என்று, புளி வாங்குகிற மாதிரி. புரோகிராமில் பழைய எண்ணை மாற்ற மறந்திருந்தேன். அது இருபத்து நாலை நம்பிக் கணக்குப் போட்டு நானூறு என்றது. மெமரியோ நானூற்றுப் பதினாறைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மணியும் மெமரியும் ஒரே கிரிஸ்டலில் ஓடுகின்றன என்பது எனக்கும்தான் தெரியும். ஆனால் தோன்றியது அவளுக்கு. இன்றைக்கும் எனக்கு அதில் பொறாமை உண்டு.

புரோகிராமில் எண்ணை இருபத்தைந்தாகத் திருத்தினோம். மெமரி நிஜமாகவே நானூற்றுக்கு இறங்கியது. மூன்று நாள் உச்சி வெயிலில், தகரப் பெட்டிக்குள் போர்டு நிற்காமல் ஓடியது. நாலாம் நாளும் அவள் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னும் எதுக்கும்மா?” என்றேன்.

“கடலுக்குப் போறது எங்கண்ணன் சார்.”

அந்தக் கம்பெனியும் இல்லை, குடோனும் இல்லை. அங்கே இப்போது கன்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. என் இப்போதைய ஆபீசிலும் படகுக் கருவிதான் செய்கிறோம். மெமரி வேகத்தை நேராகவே அளக்கிற கருவி இங்கே இருக்கிறது. அளந்து, கையெழுத்துப் போட்டு அனுப்புகிறோம். அந்தப் போர்டுகளோடு கடலுக்குப் போகிறவர்கள் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.