நான் பிடிக்காத விரதம்

போன சனிக்கிழமை பென்டில் ஹில்லில் முருங்கைக்காயும் ஒரு பக்கெற் இடியப்ப மாவும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது சிக்னலில் மாட்டிக்கொண்டேன். முன்னால் நின்ற காரின் நான்கு ஜன்னல்களிலும் டொங்கா நாட்டுச் சிவப்புக் கொடி. உள்ளே ஐந்தாறு பேர் பாட்டு. ரக்பி லீக் பருவம் முடிந்து நாடுகளுக்கு இடையிலான ஆட்டங்கள் தொடங்கிவிட்டன என்பதற்கு மேற்கு சிட்னியில் வேறு அறிவித்தல் தேவையில்லை. பச்சை விழுந்தும் கார் நகரவில்லை. யாரும் ஹோர்ன் அடிக்கவில்லை. நான் அடித்தேன். எனக்குப் பொறுமை குறைவு, உங்களுக்குத்தான் தெரியுமே.

வானொலியில் ஒரே சண்டை. அவுஸ்திரேலியாவின் பச்சையும் தங்கமும் போட்டு ஆடிய ஒரு பையன், இனிமேல் தன் தாய் தகப்பனின் சின்னத் தீவுக்காகத்தான் ஆடுவேன் என்று சொல்லிவிட்டானாம். தொலைபேசியில் வந்த ஒருவர் துரோகம், துரோகம் என்று கத்தினார். "போடா, உனக்கென்ன தெரியும் துரோகத்தைப் பற்றி?" என்று வானொலியைப் பார்த்தே சொன்னேன். பெற்ற தாயின் ஊருக்கு ஆடுகிறவன் துரோகியாம்! எனக்கு நடந்ததைக் கேட்டிருந்தால் அந்த மனுஷன் என்ன சொல்லியிருப்பாரோ.

எரிச்சலில் கண்ணாடியை இறக்கினேன். பக்கத்து பேக்கரியிலிருந்து மீற் பை என்கிற இறைச்சிப் பண்டத்தின் வாசம் வந்தது. சூடான இறைச்சிக் குழம்பும் கருகின மா விளிம்பும் கலந்த வாசம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் 'பை' என்றதும் கையில் கொண்டுபோகிற பை என்று நினைத்து, "எனக்கு வேண்டாம், என்னிடம் ஒன்று இருக்கிறது" என்று லஞ்ச் பையைத் தூக்கிக் காட்டியவன் நான். அது நடந்தது செவன் ஹில்ஸில், நான் வேலை செய்த களஞ்சியத்தின் சாப்பாட்டு அறையில்.

ஏஜென்சி மூலம் போன தற்காலிக வேலை. காலையில் தொலைபேசி அடித்தால் வேலை, அடிக்காவிட்டால் இல்லை. என்னோடு குகன் என்று ஒரு பொடியன். என்னைவிட ஆறு வயது இளையவன், கொழும்பில் படித்தவன், இங்கிலிஷ் தண்ணீர் பட்ட பாடு. நானும் அவனும் பென்டில் ஹில்லில் ஒரே அறையில் இருந்தோம். நான் சமைப்பேன், அவன் பேசுவான். சுப்பவைசர் கிறெக் எனக்குச் சொல்ல வேண்டியதைக் குகனிடம் சொல்வார், குகன் எனக்குச் சொல்வான். அது வசதியாகவும் இருந்தது.

கிறெக்குக்கு உலகத்தில் இருந்தது ஒரே விஷயம், ரக்பி லீக். மார்ச் மாதம் பருவம் தொடங்கினால் ஒக்டோபரில் இறுதியாட்டம் முடியும்வரை மனுஷன் வேறு கதை கதைக்க மாட்டார். சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பெரிய தாள். இந்தக் கிழமை யார் வெல்வார்கள் என்று ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே சரி போட வேண்டும். அதற்கு டிப்பிங் என்று பெயர். கூடச் சரியாகச் சொன்னவருக்குக் கிறெக்கின் பழைய சாய்வுக் கதிரையில் இருந்து தேத்தண்ணீர் குடிக்கும் உரிமை.

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பந்தைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு அப்பால் வைத்தால் அதற்கு 'ட்ரை' என்கிறார்கள். வைத்த பிறகும் என்ன முயற்சி? அதுதான் முடிந்துவிட்டதே! ஆனால் அந்த அறையில் இந்தக் கதையைத் தவிர வேறு கதை இல்லை, வாய் திறக்காமல் எத்தனை நாள் இருப்பது? நூலகத்தில் பழைய பத்திரிகைகளை எடுத்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆறு தடவை விழுத்தினால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது விளங்கவே இரண்டு கிழமை. அந்தப் பருவத்தின் நடுவில் கதிரை எனக்குக் கிடைத்தது. கிறெக் தோளில் தட்டிய தட்டில் தேத்தண்ணீர் மேலே ஊற்றுப்பட்டது.

குகனுக்கு விளையாட்டில் அக்கறை இல்லை. "அண்ணை, எனக்கும் சேர்த்துப் போடுங்கோ" என்பான். அவனுக்கும் நான்தான் சரி போட்டேன். இரவுச் சோற்றைக் கிளறிக்கொண்டே யார் எந்த அணி, ஏன் தோற்றார்கள் என்று பாடமும் எடுத்தேன். அடுத்த நாள் அதை நல்ல இங்கிலிஷில் கிறெக்கிடம் ஒப்பிப்பான். நான் பக்கத்தில் நின்று பெருமையாகச் சிரிப்பேன். விசரன் நான்.

அந்த ஒக்டோபரில் களஞ்சியத்தில் ஒரு நிரந்தர இடம் விழுந்தது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதற்கு. லைசென்ஸ் எங்கள் இரண்டு பேரிடமும் இருந்தது. குகனுக்கு அது ஒரு வேலை. எனக்கு அது வசந்தி. என் மனைவி திருகோணமலையில் ஆறு மாதக் கைக்குழந்தையோடு இருந்தாள். அந்தப் பிள்ளையைத் தொலைபேசித் திரையில் பார்த்ததோடு சரி, நான் தொட்டதில்லை. நிரந்தர வேலைக் கடிதம் ஒன்று இருந்தால் விசா அலுவல் சில மாதத்தில் முடியும் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தார். தேத்தண்ணீர் நேரத்தில் குகனிடம் சொன்னேன்: "வசந்தி இந்த முறை கந்தசஷ்டி பிடிக்கிறாள். ஆறு நாளும் வெறும் தண்ணிதான். எனக்கு இந்த வேலை கிடைக்க வேணுமெண்டு."

"கிடைக்கும் அண்ணை, முருகன் இருக்கிறான்" என்றான் குகன்.

அந்தக் கிழமை சாப்பாட்டு அறையில் ஏதோ மாறிவிட்டது. நான் உள்ளே போனால் ஆட்கள் சாப்பாட்டை மறைத்தார்கள். பை சூடாக்கும் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தேன். எங்களோடு வேலை செய்த டொங்காக்காரர் சியோனே, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிற ஆறடி மனுஷன், அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் திரும்ப வைத்தார். கடவுள் பார்த்துக்கொண்டிருக்கிறார், தம்பி, என்று இங்கிலிஷில் சொல்லிக் கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன களவா எடுத்தேன்? கழிவறைக்குப் பின்னால் நின்று பிஸ்கற் தின்றேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரம் கிறெக் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சோ, நொட் கமிங் சற்றடே?" என்று கேட்டார். சனிக்கிழமை ஓவர்டைம் இல்லை என்று முதலே சொல்லியிருந்தார்கள், அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். நீங்கள் வரேல்லையோ என்றால் நாங்கள் எப்படிச் சொல்வோம்? ஓம், வரேல்லை. அப்படியே சொன்னேன். "யெஸ்." அவர் முகம் குழம்பியது. திரும்பவும் கேட்டார். "யெஸ், யெஸ்" என்று தலையையும் ஆட்டினேன். எங்கள் தலையாட்டல் எந்தப் பக்கம் என்று வெள்ளைக்காரனுக்கு எந்தக் காலத்தில் விளங்கியது? முதுகில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை குகன் பச்சையும் தங்கமுமாக ஒரு கழுத்துத் துணி போட்டுக்கொண்டு வந்தான். அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஆடிய ஆட்டத்துக்குக் கிறெக் கூட்டிப் போனாராம். பத்து மணிக்கு நிரந்தர இடம் குகனுக்கு என்று அறிவித்தார்கள். மதியம் சியோனே ஒரு மீற் பையைத் தட்டில் வைத்து, சோஸும் ஊற்றி, என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். உன் விரதம் முடிந்துவிட்டதல்லவா, இனிச் சாப்பிடு என்றார்.

எந்த விரதம் என்று கேட்டேன். அவர் சொல்லச் சொல்லத்தான் முழுக்கதையும் வந்தது. கிறெக் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கியிருக்கிறார். குகனிடம் சொல்லியிருக்கிறார். என்னைப் பற்றி, இவர் ஆறு நாள் தண்ணீர் மட்டும் குடித்து விரதம், வெளியே வரமாட்டார், சாப்பாட்டைக் கண்ணில் காட்டுவதும் பாவம் என்று குகன் சொல்லியிருக்கிறான். இப்படி அடிக்கடி இருப்பாரா என்று கிறெக் கேட்டாராம். குகன் விரல் மடக்கியிருக்கிறான்: வெள்ளிக்கிழமை, நவராத்திரி, பிள்ளையார் கதை, திருவெம்பாவை, சிவராத்திரி. வெறும் வயிற்றோடு மயங்குகிறவனை ஃபோர்க்லிஃப்டில் ஏற்ற எந்தச் சுப்பவைசருக்குத் துணிவு வரும்? கிறெக்கில் ஒரு பிழையும் இல்லை. என்னிடமே வந்து கேட்டார். நான் யெஸ் என்றேன்.

அவிச்ச முட்டையைக்கூட மாமிசம் என்று ஒதுக்குகிற வீட்டில் பிறந்து, எல்லாவற்றையும் தின்னப் பழகிய என்னை ஒரு சாமியாராக்கி வைத்திருந்தான்! வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். அன்று பின்னேரம் அறையில் பிடித்துக் கேட்டேன். அடித்துவிடுவேனோ என்று எனக்கே பயம்.

"ஏன்டா அப்பிடிச் சொன்னனீ?"

அவன் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அண்ணை, விரதம் எண்டுதானே சொன்னனான். குடிகாரன், கள்ளன் எண்டு சொன்னனானே? உங்களைப் பற்றிக் கெட்டதா ஒரு சொல்லுச் சொல்லேல்லை."

கிறெக்கிடம் போய்ச் சொல்லலாம் என்று இங்கிலிஷில் நான்கு வரி எழுதிப் பாடமாக்கினேன். போய் நின்றால் 'விரதம்' என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. கிறெக் மரியாதையாகக் கேட்டு, அடுத்த இடம் வந்தால் பார்ப்போம் என்றார்.

அன்றைக்குத் தொலைபேசியில் வசந்தியிடம், "இந்த முறை கிடைக்கேல்லை" என்று மட்டும் சொன்னேன். அவள் பிடித்த விரதத்தை எடுத்துத்தான் என் கழுத்தில் கட்டினார்கள் என்று எப்படிச் சொல்வது? அவள், "பரவாயில்லை, அடுத்த வருசமும் பிடிக்கிறன்" என்றாள். பிடித்தாள். அதற்கு அடுத்த வருடமும் பிடித்தாள்.

நான் அந்த அறையை விட்டேன், டிப்பிங்கையும் விட்டேன். குகன் பிறகு மெல்பேர்னுக்குப் போய்விட்டான். ஒருமுறை அங்கே கேரம் டவுன்ஸ் கோயிலில் கண்டேன். பட்டு வேட்டியும் பூசின விபூதியுமாக, யாரோ ஒரு குடும்பத்திடம், "இந்த அண்ணைதான் எனக்கு ரக்பி காட்டித் தந்தவர்" என்று சந்தோஷமாக அறிமுகப்படுத்தினான். அவனுக்கு அந்த விரதக் கதை மறந்தே போயிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பற்றி எரிந்தது. நான் சாமியைக் கும்பிடாமலே வந்துவிட்டேன்.

செவன் ஹில்ஸ் களஞ்சியம் இப்போது இல்லை. கிறெக் ஓய்வெடுத்துக் கரையோரம் எங்கோ போய்விட்டதாகக் கேள்வி. டிப்பிங் தாள் எல்லாருடைய கைத்தொலைபேசிக்குள்ளும் போய்விட்டது. இவையெல்லாம் போனது பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. எல்லாக் களஞ்சியமும் ஒருநாள் இடிபடும்.

வசந்தியும் பிள்ளையும் வந்திறங்கியபோது மகளுக்கு மூன்று வயது ஆகவிருந்தது. சிட்னி விமான நிலையத்தில் முட்டுக்காலில் இருந்து கையை விரித்தேன். அவள் தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தாள். "ஹலோ அங்கிள்" என்றாள். "அங்கிள் இல்லையம்மா, அப்பா" என்று வசந்தி அழுதுகொண்டே சொன்னாள். பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. தாயின் கைப்பையைத் திறந்து தொலைபேசியை எடுத்து, இருண்டு கிடந்த திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இல்லை அங்கிள், அப்பா இதுக்குள்ளை இருக்கிறார்."