மூணு புக்கு லைன்ல நின்ன வண்டிக்காரன்

ட்ரெய்லர் ஓட்றது வண்டி ஓட்ற வேலைன்னு வெளியில இருக்கறவங்க நெனச்சிக்கினு இருக்காங்க. ஹார்பர் கேட்டு லைன்ல நின்னவனுக்குத்தான் தெரியும், அது நிக்கிற வேலைன்னு. திருவொற்றியூர்ல லைன்ல சொருவினா, காசிமேடு தாண்டறதுக்குள்ள ஷேவ் பண்ண மூஞ்சில தாடி வந்துடும். நிக்கிற நேரத்துல சில பேரு தூங்குவாங்க. சில பேரு போன்ல வூட்ல சண்ட போடுவாங்க. நான் படிச்சேன். நைட் ஸ்கூல்ல பத்தாவது பாஸ் பண்ணவன் நான், கைல புக்கு கெடச்சா உடமாட்டேன்.

கெடச்சது பத்து புக்கு. கல்மண்டபத்துல ஒரு பழைய பேப்பர் கடையில கயித்தால கட்டிப் போட்டிருந்தாங்க. இங்கிலீஷ்லேர்ந்து தமிழ்ல போட்டது. இல்லாத நாடு, அதுல ரெண்டு ராஜா, ஒரு மந்திரவாதி, பேசற ஓநாய். ஒவ்வொண்ணும் செங்கல் கனம். பத்தும் சேந்து ஒரே கதை. அந்த மாதிரி ஒண்ணுல மாட்டினவங்க இதப் படிச்சா என் கஷ்டம் புரியும்.

சக்கரத்துக்கு அடியில

மொத புக்குல பாதி தாண்டிட்டேன். டீ குடிக்க எறங்கினப்போ வண்டி லேசா பின்னால நவுந்துச்சு. முன்னாடி வண்டி ஏகாம்பரம் அண்ணன் ஓடி வந்து கட்டைய சொருவினாரு. கட்ட பத்தல. என் கேபின்ல கையவுட்டு, கெடச்சத எடுத்து அதுக்கு மேல சொருவினாரு. வண்டி நின்னுச்சு. புக்குல டயர் பட்டன் வரி அச்சா உழுந்துச்சு.

அண்ணனுக்கு அம்பத்தஞ்சு வயசு, கையெழுத்து போடுவாரு, அதுக்கு மேல படிக்கத் தெரியாது. ரொம்ப சங்கடப்பட்டாரு. நசுங்குன பக்கத்துல இன்னா கீதுன்னு கேட்டாரு. படிச்சுக் காட்டினேன். பட்டாளத்துக்குப் பின்னால ஒருத்தன் குதிர வண்டி ஓட்டினு வர்றான். வண்டியில சீல் வச்ச பொட்டி. உள்ள இன்னான்னு அவனுக்கே தெரியாது, சீல் ஒடையாம கொண்டுபோய் ராஜா கோட்டையில சேக்கணும், அவ்ளோதான் அவன் வேலை. கன்டெய்னர் ஓட்ற நம்ம பொழப்பேதான். அவன் பேரு ஒருத்தர் வாய்லயும் நொழையல, வண்டிக்காரன்னே வச்சிட்டோம். அண்ணன் புக்க தொடச்சி என் கைல குடுத்தாரு.

"சக்கரத்துக்கு அடியிலேர்ந்து வந்தவன் நைனா, அவன் நம்ம ஆளு. தெனம் அவன் இன்னா பண்ணான்னு எனக்கு சொல்லிடு."

மேப்பு

ரெண்டாவது புக்குலேர்ந்து கேபின்ல ரெண்டு பேரு கேக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டாவது ஆளு சேவியர், தூத்துக்குடிக்காரரு, இருபது வருசமா ஹைவே ஓட்டினவரு. புக்குக்கு முன்னாடி ஒரு மேப்பு போட்டிருப்பான். சேவியர் கதைய கேக்காம அத வாங்கி வச்சுக்கினு கண்ணாடி போட்டுப் பாத்தாரு.

கதையில ஒரு இளவரசன் ஆறு கடக்க வழி தெரியாம, சதுப்பு நெலத்த சுத்தி, மலை ஏறி, பாதி ஆளுங்கள பனியில உட்டுட்டு வர்றான். நான் உருகி உருகி சொல்லிக்கினு இருக்கேன். சேவியர் வெரல வச்சி ஒரு கோடு இழுத்துக் காட்டினாரு.

"இந்தா தெக்கால ஒரு பாலம் கெடக்குல்லா. எளவரசன் எறங்கி ஒரு டீக்கடையில வழி கேட்டிருந்தாம்னா, ரெண்டு புஸ்தகம் மிச்சம்வே."

பாலம்

நாலாவது புக்கு நடக்கறப்போ ஏகாம்பரம் அண்ணனுக்கு மாரு வலி வந்துச்சு. டெஸ்ட்டு எடுத்தா மூணு எடத்துல அடைப்பு. வெளியதான் ரோடு பிளாக்குன்னா உள்ளயும் பிளாக்குன்னு அவரே சிரிச்சாரு. மறுநாள் ஆஸ்பத்திரில சேரணும். அன்னிக்கு வண்டி எடுக்கல, ஆனா லைனுக்கு வந்து என் கேபின்ல ஏறி ஒக்காந்தாரு. ஒரே கேள்வி: நேத்து பாலத்துல ஏறின வண்டிக்காரன் தாண்டிட்டானா?

காலையிலதான் அந்தப் பக்கத்த படிச்சிருந்தேன். நட்ட நடு பாலத்துல கழுத்துல அம்பு. குதிரைங்க மட்டும் கரை ஏறுது. நான் அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். கேஸ் ஷீட்டு பைய மடியில வச்சுக்கினு, பஸ்ஸுக்கு ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருந்தாரு. தாண்டிட்டாண்ணா, சீல் கூட ஒடையலன்னு சொன்னேன். மெதுவா படியில கால வச்சி எறங்கினாரு.

"அப்ப சரி. நானும் போய் படுக்கறேன்."

கோட்டை வாசல்

சொல்லிட்டேன். இனிமே செத்தவன வச்சுக்கினு நான் இன்னா பண்றது? அஞ்சாவது புக்குல அவன் பேரே இல்ல. அண்ணன் ஆஸ்பத்திரிலேர்ந்து தெனம் போன் போட்டு கேக்கறாரு. அவருக்கு ஆபரேசன் தேதி குடுப்பாங்க, அப்றம் தள்ளி வப்பாங்க. நான் முன்னாடி நிக்கிற வண்டிங்களப் பாத்தேன். வண்டிக்காரன கொண்டுபோயி கோட்டை வாசல்ல லைன்ல நிக்க வச்சிட்டேன். பேப்பர் சரியில்லன்னு உள்ள உடலன்னு சொன்னேன்.

அஞ்சு, ஆறு, ஏழு, மூணு புக்கு அங்கியே நின்னான். அதுக்குள்ள ஒரு ராஜா செத்தான், ஒரு ஊரு எரிஞ்சுது, ஓநாய் கல்யாணம் பண்ணிக்கிச்சு. இதையெல்லாம் நம்பாத மனுசனுங்க, ஒருத்தன் ஒன்னரை வருசம் கேட்டு வாசல்ல நின்னான்னா, அத மட்டும் அப்டியே நம்பினாங்க. சேவியர் சீல் நம்பர்ல ஒரு எழுத்து தப்பா இருக்கும்னாரு. அண்ணனுக்கு அதவிடப் பெரிய கவலை.

"கோவத்துல லைன உட்டு வெளிய வந்துடப் போறான் நைனா. வந்தான்னா மறுபடியும் கடைசிலேர்ந்து நிக்கணும், சொல்லி வை."

நாலு வண்டி

எட்டாவது புக்குல அவன வெளி வாசல் தாண்டி உள் வாசலுக்கு உட்டேன், அதுக்குள்ள எனக்கே கொழம்பிடுச்சு, எது புக்குல இருந்தது, எது நான் அளந்து உட்டதுன்னு. டெலிவரி சலான் பின்னாடி வண்டிக்காரன் கணக்க எழுதிக்கினு இருந்தேன்: எந்த குதிர நொண்டி, வாசல்ல காவக்காரன் பேரு இன்னா. தலை நிமுந்தா எனக்கு முன்னாடி காலி ரோடு. அதுல நாலு ட்ரெய்லர் நைசா பூந்துடுச்சு. பின்னாலேர்ந்து சேவியர் எறங்கி வந்து, என் கதவுல ரெண்டு தட்டு தட்டினாரு.

"உம்ம நாட்டுல ராஜா போனா வேற ராஜா வருவான்வே. போன எடம் வராது."

கையெழுத்து

ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சு, அண்ணன் நாலு மாசம் கழிச்சு ஸ்கூட்டர்ல வந்தாரு. பெரிய வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதனால லைன் ஓரத்து டீக்கடையில ஒக்காந்து கத கேட்டாரு. பத்தாவது புக்கு முடிஞ்ச அன்னிக்கு நான் முடிவ சொன்னேன். கோட்டை உள் கதவும் தொறந்துச்சு. வண்டிக்காரன் பொட்டிய எறக்கி வச்சான். ராஜா தன் கையால சீல ஒடச்சாரு. இவன் ரசீதுல கையெழுத்து வாங்கிக்கினு காலி வண்டிய திருப்பிக்கினு பூட்டான். சேவியர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

அண்ணன் டீய ஆத்தி ஆத்தி ஒரு வாய் குடிச்சாரு. அப்றம் சாதாரணமா சொன்னாரு, ஆஸ்பத்திரில சேந்த ரெண்டாவது நாளே அவரு பொண்ணு போன்ல தேடிப் பாத்து எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். பாலம், அம்பு, கழுத்து, எல்லாம். எனக்கு எங்க பாக்கறதுன்னே தெரியல. அப்றம் எதுக்குண்ணா தெனம் போன் போட்டீங்கன்னு கேட்டேன். கிளாஸ கீழ வச்சாரு.

"எனக்கும் தேதி தள்ளிக்கினே போச்சு நைனா. நான் இங்க லைன்ல, அவன் அங்க லைன்ல. தொணைக்கு ஒர்த்தன் வாணாமா?"

பத்து புக்கையும் படிச்சு முடிச்சிட்டேன், அதுல கடைசி ஆறுல இன்னா நடந்துச்சுன்னு மட்டும் எழுதினவருக்கே தெரியாது.