இரண்டாவது கேன்

தாணுலிங்கம் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய இடது காலிலிருந்துதான் தொடங்க வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு பஸ் விபத்தில் முட்டுக்குக் கீழே நொறுங்கிய கால். ஆஸ்பத்திரியில் ஒட்டவைத்தார்கள், பலம் மட்டும் திரும்பவில்லை. அவர் இரணியலில் வாழைக்குலை மொத்த வியாபாரம் செய்கிறவர். சந்தை சந்தையாக அலையாமல் அந்தத் தொழில் நடக்காது. மகன் அபிலாஷ் மஸ்கட்டில் ஒரு வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அவன் ஒரு லீவுக்கு வந்தபோது எங்கெங்கோ தேடி அப்பாவுக்கு ஒரு பழைய ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்கிக் கொடுத்தான். கிளட்ச் மிதிக்க வேண்டாத வண்டி, இடது காலுக்கு வேலையே இல்லை. அண்ணாச்சிக்குக் கால் வந்துவிட்டது என்று ஊரில் சொன்னார்கள்.

அந்த வண்டியைப் பார்ப்பவன் நான்தான், ஸ்டேஷன் ரோட்டில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஜேசுதாஸ். எனக்கு வாய் நீளம். வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் போனதற்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரி ஷீஜா சொல்வாள்.

இரண்டு வருடத்துக்கு முன், கியர் மாறும்போது வண்டி குலுங்குகிறது என்று அண்ணாச்சி கொண்டுவந்தார். என்ஜினை ஓடவிட்டு, கியர் ஆயிலின் அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினேன். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. கரிந்த வாடை வேறு.

"அண்ணாச்சி, இத இப்பமே மாத்தணும்."

"அபிலாஷ் லீவுக்கு வாறான்லா மக்கா. ஆயிலும் அவனே கொண்டுவருவானாம். அவன் கையாலதான் மாத்துவானாம்."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்ஃபில் ஆள் இருக்கிற வீடுகளில் ஒன்றும் அசையாது. பிள்ளைக்குக் காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பு, ஆடுகிற பல்லைப் பிடுங்குவது என்று எல்லாம் லீவுக்குக் காத்துக்கிடக்கும். கியர்பாக்ஸுக்கு லீவு தெரியுமா?

"உங்க மகன் வாறதுக்குள்ள கியர் செத்துப்போவும், பாத்துக்கிடுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போனார்.

அபிலாஷ் சித்திரைக்கு வருகிறேன் என்றான், பிறகு ஓணத்துக்கு என்றான். கம்பெனி விடவில்லை. ஆனால் ஆயில் விஷயத்தை மறக்கவில்லை. எந்த வகை ஆயில் என்று அளவுக்கம்பியின் பிடியில் பொறித்திருப்பதைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். நிறம் சிவப்பாக இருந்தால் போதும் என்று எதையாவது ஊற்றிக் கியரைக் கெடுப்பவர்கள்தான் அதிகம். அவன் அப்படி இல்லை. அந்த வகை பழசு, லேசில் கிடைக்காது. தேடித் திரிந்து வாங்கிவிட்டதாக ஒருநாள் சொல்லியிருக்கிறான்.

கியர் சாகவில்லை. அபிலாஷ்தான் செத்துப்போனான். முப்பத்துநாலு வயது. காலையில் எழுப்பப் போனவர்கள் அவன் உடம்பு குளிர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். நெஞ்சுவலியாம்.

பெட்டி திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வந்தது. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் அந்த எஸ்யூவியை நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் அண்ணாச்சி ஆம்புலன்ஸையே பார்த்துக்கொண்டு இருந்தார். நெய்யாற்றின்கரை தாண்டி ஊர் வரைக்கும் ஒவ்வொரு கியருக்கும் வண்டி குலுங்கியது. நான் சொன்ன அந்த வார்த்தை ஒவ்வொரு குலுக்கலிலும் என்னைக் குத்தியது. வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, அறையில் கூட இருந்தவர்கள் அவன் சாமான்களைக் கட்டி கப்பல் கார்கோவில் அனுப்பினார்கள். சட்டைகளுக்கு நடுவில் இரண்டு ஆயில் கேன், நாலு நாலு லிட்டர். அண்ணாச்சி அவற்றை என்னிடம் கொண்டுவந்தார். மார்க்கர் பேனாவால் அபிலாஷ் எழுதியிருந்தான். ஒன்றில், 'முதல் தடவை. பாதி ஆயில் மட்டும் இறக்கணும்.' மற்றதில், 'ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடின பிறகு.'

இரண்டு தடவை படித்தேன். இவ்வளவு நாள் மாற்றாத கியரில் பழைய ஆயிலை ஒரேயடியாக எடுத்தால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் தேய்ந்த கிளட்ச் தட்டுகள் பிடிப்பில்லாமல் வழுக்கத் தொடங்கலாம். பாதிபாதியாக மாற்றினால்தான் தாங்கும். அன்றைக்கு என் அவசரத்தில் நான் முழுவதையும் இறக்கியிருப்பேன். அவன் அங்கே இருந்துகொண்டே என்னைவிட ஒழுங்காக யோசித்திருக்கிறான்.

பழைய ஆயிலில் பாதியை இறக்கினேன். புது கேனின் மூடியைத் திருகப் போனபோது அண்ணாச்சி கையை நீட்டினார்.

"நான் ஒடைக்கேன் மக்கா."

அவர் ஊற்ற, நான் புனலைப் பிடித்தேன். கடைசிச் சொட்டு விழும்வரை கேனைக் கவிழ்த்தே வைத்திருந்தார். பிறகு ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். திங்கள்நகர் வரை ஒரு குலுக்கல் இல்லை. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி வண்டியை ஓரத்தில் நிறுத்தி ஸ்டியரிங்கில் தலைவைத்து அழுதார். இரண்டாவது கேனோடு காலி கேனையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

நாலு மாதத்தில் ஐயாயிரம் ஓடியிருக்கும் என்று கணக்குப்போட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. போன வாரம் பார்த்தால், அண்ணாச்சி திங்கள்நகர் பஸ் நிறுத்தத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். பைக்கை நிறுத்தினேன்.

"வண்டி எங்க அண்ணாச்சி? கியர் போச்சா?"

"கியருக்கு என்ன, வெண்ணெ மாதிரி இருக்கு."

"பொறவு என்னத்துக்கு இந்தக் காலையும் வச்சிக்கிட்டு பஸ்ஸுக்கு நிக்கிய?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலாயிரத்துத் தொள்ளாயிரம் ஓடியாச்சு மக்கா. இன்னும் நூறு ஓடினா அந்த கேனையும் ஒடைக்கணும்லா. அதையும் ஒடைச்சாச்சுன்னா, பொறவு அவன்ட்டேருந்து எனக்கு வாறதுக்கு ஒண்ணும் இல்ல."

நான் பைக்கை ஸ்டாண்டில் போட்டு இறங்கினேன். பஸ் வந்தது. படி உயரம். இடது காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்தார். அவர் ஏறி முடிக்கும்வரை நான் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டேன்.